பாலத்தில் வைத்த கால்

பெரியவள் ஈரப் பஞ்சால் தம்பியின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் கண்ணைத் திறந்து, "பாலம்" என்றான்.

கட்டிலின் அந்தப் பக்கம் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த அவன் மனைவி, "பாருங்க அண்ணி, நேத்துலேர்ந்து இதே பேச்சுதான்" என்றாள். எந்தப் பாலம், ஆற்றுப் பாலமா ரயில் பாலமா என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாளாம். பதில் இல்லையாம். கடைசி நேரத்தில் சிலர் இப்படி எதையாவது பிடித்துக்கொள்வார்கள் என்று நர்ஸ் சொன்னாளாம். பக்கத்து அறையில் ஒரு தாத்தா தன் குடையைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாராம். அதற்கப்புறம்தான் 'அவளக் கூப்பிடு' என்றானாம். பேர் சொல்லவில்லை. பேர் சொல்லாமல் அவன் குறிப்பிடுகிற ஆள் ஒருத்திதான் என்பது மனைவிக்குத் தெரியும். உடனே போன் செய்துவிட்டாள்.

பெரியவளுக்கு அது எந்தப் பாலம் என்று தெரியும். அது எந்த ஆற்றின் மேலும் கட்டப்பட்டதில்லை. ஒரு நீளமான மூக்குக்கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்து, வயிறு வீங்கி, கை நரம்பெல்லாம் ஊசி குத்திக் கறுத்துப்போன நிலையில், தம்பி தன்னைக் கூப்பிட்டனுப்பியது அந்தப் பெட்டிக்காகத்தான் என்று புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பிறந்தது இரண்டே பிள்ளைகள் என்பதால் அந்த வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே இல்லாமல் போயிற்று. அவள் பெரியவள், அவன் சின்னவன். தலை நரைத்த பிறகும் அவன் சின்னவன்தான். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஃபிரேம்களைப் பரப்பிக் காட்டுகிற நீள மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து விளையாடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சீட்டாட்டம் என்றுதான் நினைப்பார்கள். சீட்டு கிடையாது, காசும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம்: ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன், ஒருவர் வைத்தியர். காடு, கோட்டை, பூதம் எல்லாம் வாயாலேயே. கதைக்குள் எவரும் எதையும் செய்து பார்க்கலாம். பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் தடியான விதிப் புத்தகம் ஒன்று மேஜைக்கு வரும். அதில் எல்லாம் எழுதியிருக்கும், அப்போதைக்கு வேண்டியது மட்டும் தெளிவாக இருக்காது. கதை சொல்வது சின்னவன். விதியில் குழப்பம் வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவனே. அதனால் மேஜையில் அவனுக்கு நடுவர் என்று பேர்.

பெரியவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தாள். தண்ணீர் வராதவர்களும், வந்த தண்ணீர் நாறுகிறது என்பவர்களும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நாள் முழுக்க அவளைத் திட்டுவார்கள். அவள் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "நீங்க சொல்றது சரிதாங்க" என்பதற்கென்றே தனியாக ஒரு குரல் வைத்திருந்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற மாதிரி இருக்கும். எப்பேர்ப்பட்ட கோபக்காரனும் அதைக் கேட்டுக் கொஞ்சம் இறங்கி வருவான். அந்தக் குரலில் சொன்ன எதையும் அவள் நம்பிச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் கோடாரி ஏந்திய வீராங்கனை. கோடாரி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளும் சின்னவனும் ஒரு விதியைக் கையில் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். குடித்துவிட்டு வரும்போதும் முடிந்திருக்காது. கேடயத்தைக் கையில் பிடித்தவன் பகடை எறிய எந்தக் கையை உபயோகிப்பான் என்கிற ரீதியில் போய்க்கொண்டிருக்கும். இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு சந்தோஷம் இருக்கும். சின்ன வயசில் ஒரே ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்ட இரண்டு பேருக்கும், வயசான பிறகும் அடித்துக்கொள்ள ஒரு நல்ல சாக்குக் கிடைத்திருந்தது.

அன்றைக்குப் பாலத்துச் சண்டை. நீளமான கண்ணாடிப் பெட்டிதான் பாலம். பாலத்தின் இந்தக் கோடியில் பெரியவள். அவளுக்குப் பின்னால் அடிபட்டு விழுந்து கிடந்தவர் வைத்தியர். நிஜத்தில் அவர் பஸ் ஓட்டுநர். அந்தக் கரையில் ஒரு பூதம். லென்ஸ் துடைக்கிற திரவக் குப்பியைப் பூதமாக நிறுத்தியிருந்தான் சின்னவன். பெரியவள் முறை வந்தது. அவள் பாய்ந்து போய் வெட்டவில்லை. தன் முறையில் அடிக்காமல் காத்து நிற்கவும் விதியில் இடம் உண்டு. எது நடந்தால் அடிப்பேன் என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும். அது நடந்தால் எதிரியின் முறைக்கு நடுவிலேயே புகுந்து அடிக்கலாம். நடக்காமல் போனால் அந்த அடி வீண்.

"பூதம் பாலத்துல கால் வச்சா வெட்டுவேன்" என்றாள் பெரியவள்.

பூதத்தின் முறை. சின்னவன் குப்பியை எடுத்துப் பெட்டியின் அந்தக் கோடியில் வைத்தான். கால் வைத்தாயிற்று, வெட்டு என்றான். அவள் பகடையை எடுத்தாள். எறிவதற்குள், ஆனால் எட்டாது என்றான். அவள் நிற்பது இந்தக் கோடி, பூதம் கால் வைத்தது அந்தக் கோடி. அவள் சொன்னது நடந்துவிட்டது, கோடாரி காற்றை வெட்டிவிட்டது, அவளுடைய வெட்டு போச்சு. அப்புறம் பூதம் சாவகாசமாக நடந்து வந்து, அவளைத் தோளால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, கீழே கிடந்த வைத்தியரை மிதித்தது.

எட்டாத இடத்தில் எவளாவது கோடாரி வீசுவாளா என்று கேட்டாள் பெரியவள். கிட்டே வந்தால் என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்றான் சின்னவன். அது சொல்லாமலே தெரியாதா என்றாள். சொன்னதற்குத்தான் மதிப்பு, நினைத்ததற்கெல்லாம் மதிப்புக் கொடுத்தால் புத்தகம் எதற்கு என்றான். மற்ற நாளாக இருந்தால் இந்த இடத்தில்தான் இருவர் முகமும் மலர ஆரம்பிக்கும். அன்றைக்கு மலரவில்லை. அந்த வாரம்தான் அலுவலகத்தில் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு, சுற்றறிக்கையில் இருந்த ஒரு வரியைக் காட்டி வேறொருவனுக்குப் போயிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அங்கே வாயைத் திறக்காதவள் இங்கே திறந்துவிட்டாள். அவனுக்கு நியாயம் முக்கியமில்லை, நாலு பேர் முன்னால் அக்காவை மட்டம் தட்டுவதுதான் முக்கியம் என்றாள். சின்னவன் முகம் சுண்டிப்போயிற்று. பிடிக்கவில்லை என்றால் ஷட்டர் பாதி திறந்துதான் இருக்கிறது என்றான். அவள் குனிந்து வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் சரியான பதில் கிடைத்தது. அவனால் மறுக்கவே முடியாத பதில். நல்ல பதில்கள் எல்லாம் இப்படி இடத்தை விட்டு வந்த பிறகுதானே வருகின்றன. இறங்கி எதிர்ப் பக்கத்து பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அவர்கள் இன்னும் மேஜையில்தான் இருந்திருப்பார்கள். போனால் தோற்றுப்போய்த் திரும்பி வந்தாள் என்றாகிவிடுமே என்று பட்டது. அவனே வந்து கூப்பிடட்டும், முதல் வேலையாக இதைத் தூக்கி அவன் முகத்தில் எறியலாம் என்று பத்திரமாக வைத்துக்கொண்டாள். அவன் கூப்பிடவில்லை.

வருஷங்கள் ஓடின. உறவுக்காரர்கள் சொத்துச் சண்டை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்மா இருந்த வீடு சின்னவன் பேருக்குப் போயிருந்ததால் ஊர் வாய்க்கு அது தோதாகவும் இருந்தது. பெரியவள் மறுக்கவில்லை. பூதம் காலை எங்கே வைத்தது என்பதில் தகராறு வந்து கூடப்பிறந்தவனோடு பேசுவதில்லை என்று ஐம்பதை நெருங்குகிற ஒருத்தி எப்படி வெளியே சொல்வாள்? சொத்து என்றால் அதில் ஒரு கௌரவமாவது இருக்கிறது. ஒரே ஒரு தடவை தன் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அவரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விசேஷ வீடுகளில் பார்த்துக்கொள்வார்கள். ஒரே சோபாவில் இரண்டு கோடியில் உட்கார்ந்து, நடுவில் உட்கார்ந்திருப்பவர் வழியாகப் பேசிக்கொள்வார்கள். "காப்பி வேணுமான்னு கேளுங்க." "இப்பத்தான் குடிச்சேன்னு சொல்லுங்க." நடுவில் இருப்பவர் பாவம், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியே கழுத்து வலி கண்டுவிடும். சின்னவனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அவன் மனைவி போனில் சொன்னபோதும், பெரியவள் ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும்தான் வந்தாள். கதவிடுக்கில் அவன் தூங்குவதைப் பார்த்தாள். ஆப்பிள் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். யார் கொடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவன் அதில் ஒன்றைத் தோலோடு தின்றானாம். அப்போதாவது உள்ளே நுழைந்திருக்கலாம். அவன் வாயால் வா என்று ஒரு வார்த்தை வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

இப்போது வந்துவிட்டது.

நர்ஸ் மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். சின்னவன் மனைவி அதை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். பெரியவள் நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். அவன் கண் அவள் குரல் வந்த திசையில் அலைந்தது. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அலமாரி மேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் தன் புடவைத் தலைப்பில் துடைத்து, இரண்டு காதிலும் மெதுவாக மாட்டிவிட்டாள். முகம் வற்றிப்போனதால் அது மூக்கில் நிற்காமல் வழுக்கியது. விரலால் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுதா?"

"ம்." அவன் அவளை நன்றாகப் பார்த்தான். "பாலம்."

"ஞாபகம் இருக்குடா."

"என்ன சொல்ற?"

அவளுக்குத் தெரியும், என்ன சொல்ல வேண்டும் என்று. இத்தனை வருஷமும் துணி மடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. பார்வை அவன் மணிக்கட்டுக்குப் போயிற்று. குழந்தையின் மணிக்கட்டு மாதிரி இருந்தது, பிளாஸ்திரி ஒட்டி. இவனிடம் ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். மூச்சுக்கு மூச்சு தவிக்கிற பிள்ளையிடம் போய் வாதமா? விட்டுக்கொடுத்தால்தான் என்ன? இதை அன்றைக்கே செய்திருந்தால் இத்தனை வருஷம் வீணாகியிருக்காதே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"நீ சொன்னதுதான் சரிடா" என்றாள்.

அவன் காத்திருந்தான். மேலே ஏதோ வரப்போகிறது என்பதுபோல் புருவம் கொஞ்சம் தூக்கியிருந்தது.

"கிட்ட வந்தா வெட்டுவேன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. நீ சொல்றது சரிதான்." குரல் தானாக இறங்கி, மெத்தென்று வந்தது. எங்கிருந்து வருகிறது என்று அவள் யோசிக்கவில்லை.

"அப்ப உன் வெட்டு போச்சா?"

"போச்சுடா."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் ஆரம்பித்தான். "ஆபீஸ்ல பேசுற மாதிரி பேசுற" என்றான். பிறகு, "கண்ணாடியக் கழட்டிடு."

கழற்றினாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். களைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவன் காலைப் பிடித்துவிட்டாள். மனசிலிருந்து பெரிய சுமை இறங்கின மாதிரி இருந்தது. மருந்தோடு வந்த மனைவியிடம், பேசிவிட்டோம் என்று சொன்னாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன பேசினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. சொத்து விஷயம் நமக்கெதற்கு என்று நினைத்திருப்பாள்.

மத்தியானத்துக்கு மேல் மூச்சு விட்டு விட்டு வந்தது. பெரியவள் வராந்தாக் குழாயில் டம்ளரைக் கழுவப் போனாள். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அலுவலக ஞாபகத்தில் குழாயின் கழுத்தைத் திருகிப் பார்த்தாள். கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். சின்னவன் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியபடியே இருந்தது.

மறுநாள் காலை கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் வாசல் வரைக்கும் போட்டிருந்தன. வந்தவர்கள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, வெளியே போய் செருப்பைத் தேடும்போது கடையை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்தார்கள். கடையில் கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்திருந்த ஒருவர் அதைக் கேட்பதா வேண்டாமா என்று வெகுநேரம் தவித்துவிட்டுக் கேட்காமலே போனார். சித்தி வந்ததும் பெரியவளைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் புத்திமதிக்கு வந்துவிட்டாள். வீடு வீடென்று மல்லுக்கு நின்றாயே, என்ன மிச்சம் என்று கேட்டாள். எடுப்பதற்குள் அவன் காதோடு ஒரு மன்னிப்பாவது கேட்டுவிடு, இல்லாவிட்டால் காலத்துக்கும் உன் நெஞ்சு ஆறாது என்றாள். சரி சித்தி என்றாள் பெரியவள். சொன்ன பிறகு, தன் காதில் விழுந்த அந்தக் குரல் அவளுக்கு என்னவோபோல் இருந்தது. நேற்று அறையில் கேட்டதும் இதே குரல்தான்.

மேஜைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பஸ் ஓட்டுநர் சீருடையிலேயே வந்திருந்தார். கூட, அந்த மேஜையில் மந்திரவாதியாக இருந்த கணக்கு டீச்சர். இருவரும் சின்னவனைப் பார்த்துவிட்டு, பந்தலின் ஓரத்தில் நின்றுகொண்டார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாத உறவு அது. பெரியவள்தான் அவர்களிடம் போனாள். அவளைப் பார்த்ததும் ஓட்டுநர் "கோடாரி அக்கா" என்றார். வருஷக்கணக்காக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 

என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்கு உங்கள் வைத்தியர் செத்துப்போனதற்கு நானும் ஒரு காரணம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஓட்டுநர் டீச்சரைப் பார்த்தார். "வைத்தியர் எங்கக்கா செத்தாரு?" என்றார். "அந்தச் சண்ட இன்னும் முடியலயே."

அவள் குனிந்து வெளியே போனதும் நடுவர் குப்பியை எடுத்துப் பழையபடி பாலத்தின் அந்தக் கோடியிலேயே வைத்துவிட்டாராம். வைத்தியரை மிதித்தது கணக்கில் இல்லை, இதை இப்படியே நிறுத்திவைக்கலாம் என்றாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு கதை. அதற்கப்புறம் எத்தனையோ கதை. பாலத்துக்கு எப்போது போகலாம் என்று யார் கேட்டாலும், "அப்பீல் பாக்கி இருக்கு" என்பாராம்.

பெரியவளுக்கு அது என்னவென்று விளக்கவேண்டியதில்லை. அந்த மேஜையின் வழக்கம் அது. நடுவரின் தீர்ப்பு தப்பு என்று பட்டால், பட்டவர்தான் வந்து வாதாட வேண்டும். அவருக்காக வேறு யாரும் பரிந்து பேசக்கூடாது. தப்பு என்று தனக்கே தெரிந்தாலும் நடுவர் தானாக மாற்றிக்கொள்ளக்கூடாது. மாற்றினால் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேச்சு வரும். மேஜையில் சொந்த அக்கா உட்கார்ந்திருந்ததால் சின்னவன் வைத்த வழக்கம். முதலில் கையைத் தூக்கி ஆமோதித்தவளே அவள்தான்.

"நான் ஒருதடவ சொல்லப் பாத்தேன்" என்றார் டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பாலத்துக்கு ஒரு வழி அவருக்குத் தோன்றியதாம். மறுவாரம் வந்து பாதி சொல்லும்போதே நடுவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம். "'எனக்கும் தெரியும் டீச்சர். அத அவ வந்து சொல்லட்டும், அவ சொன்னாத்தான் நல்லா இருக்கும்'னாரு. சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு."

டீச்சர் சொல்லி முடித்துவிட்டுப் பெரியவளின் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்கக்கூடாதோ என்று தடுமாறிப்போனார். பெரியவள் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்திருக்கிறது. அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தான் தோற்கப்போவது தெரிந்தே, அவள் வந்து தோற்கடிக்கட்டும் என்று இத்தனை ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வழக்கத்தை மீறி, தானே அவளைக் கூப்பிட்டு, என்ன சொல்கிறாய் என்று கேட்டும்விட்டான். அவளோ தண்ணீர் வரவில்லை என்று வந்து நிற்கிற ஒருவரைச் சமாதானப்படுத்தி அனுப்புகிற மாதிரி அவனை அனுப்பிவைத்துவிட்டாள். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டு, சுமை இறங்கிவிட்டது என்று வேறு சந்தோஷப்பட்டுக்கொண்டு, அவன் காலைப் பிடித்துவிட்டாள். வெட்டு போச்சா என்று அவன் கேட்டபோது அவன் கண்ணில் இருந்தது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இல்லை என்று சொல்லடி என்றுதான் அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அப்போதுதான் அவளுக்கு நிஜமான அழுகை வந்தது. நேற்றிலிருந்து அடக்கமாக அழுதுகொண்டிருந்தவள், பந்தலில் நின்று வாய்விட்டு அழுதாள். சொத்து போனவர்கள்கூட இப்படி அழமாட்டார்கள் என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். டீச்சர் அவள் முதுகில் கையை வைத்தபடி நின்றார்.

வண்டி வந்துவிட்டது. பின்பக்கமாக ஓட்டி வாசலில் நிறுத்தினார்கள். தூக்குவதற்கு ஆட்கள் உள்ளே வந்தார்கள். ஓட்டுநரும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கால்மாட்டில் ஒரு பக்கம் போய் நின்றார். மனைவியைக் கைத்தாங்கலாக நகர்த்தினார்கள். பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் குரல் கொடுத்தார். தூக்குகிறவர்கள் குனிந்துவிட்டார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் பெரியவள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். சித்தி பக்கத்தில் இருந்தவர்களிடம், விடுங்கள், மன்னிப்புக் கேட்கட்டும் என்று சொல்லி எல்லோரையும் ஓரடி தள்ளி நிற்கவைத்தாள். பெரியவள் குனிந்து தம்பியின் காதருகே வாயை வைத்தாள்.

"டேய். நான் ஒத்துக்க மாட்டேன்."

சித்தி திடுக்கிட்டாள்.

"நேத்து சொன்னத விடு. அது நான் இல்ல. உன் பூதம் என்ன, பாலத்தத் தாண்டிக் குதிச்சா வந்துச்சு? நடந்துதான வந்துச்சு? அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் எட்டு எட்டா வச்சுதான வந்துச்சு? ஒவ்வொரு எட்டும் பாலத்துல வச்ச காலுதான்டா. நீ மொதக் காலப் புடிச்சுக்கிட்டுத் தொங்குற. மொதக் காலுக்கு நான் வெட்டல. புத்தகத்த எடுத்துப் பாரு. சொன்னது நடந்தா வெட்டலாம்னுதான் போட்டிருக்கு. வெட்டியே தீரணும்னு எங்க போட்டிருக்கு? எட்டாத காலெல்லாம் வரட்டும்னு நான் பாத்துக்கிட்டே நின்னேன். என் பக்கத்துல வந்து ஒரு கால் வச்சுது பாரு, அதுக்குத்தான் வெட்டு. நான் சொன்ன சொல்ல மாத்தல. நான் நினைச்சத நீ கணக்குல எடுக்கவும் வேணாம். சொன்னத மட்டும் எடு. சொன்னபடியே பாத்தாலும் நீ தப்பு. என் வெட்டு போகல."

ஆரம்பத்தில் காதோடு இருந்த குரல் முடிக்கும்போது கூடம் முழுக்கக் கேட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிற குரல் இல்லை அது. கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. செத்தவனோடு சண்டை போடுகிறாளே என்று சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் மட்டும் மெல்லத் தலையை ஆட்டினார்.

பெரியவள் நிமிரவில்லை. எந்த வாதத்தைச் சொன்னாலும் சின்னவன் உடனே பதில் பேசமாட்டான். இரு, இரு என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கொஞ்ச நேரம் மேஜையைப் பார்ப்பான். அவள் முகத்தைத் திருப்பித் தன் காதை அவன் வாய்ப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

வாசலில் வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்திருந்தவர்களில் ஒருவர் தூக்கப் போனார். ஓட்டுநர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.